முதுநிலைச் சான்றிதழுக்குக் கட்டும் பணத்தில் எதை வாங்குகிறோம்?

கேள்வி: மார்ச் 4, 2023

கோவையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு முதுநிலைச் சான்றிதழுக்கு இணையவழியில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதே பேராசிரியர்களின் விரிவுரைகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும்போது ஒரு காகிதத்துக்காக லட்சக்கணக்கில் கட்டுவது வீண் என்கிறார் என் கணவர். முடித்தவர்கள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

மார்ச் 5, 2023

நான் முடித்தேன். 2018 இலையுதிர் பருவத்தில் தொடங்கி, கலிபோர்னியாவின் சன்னிவேலில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே, 2020 குளிர்காலப் பருவத்தில் நான்காவது பாடத்தை நிறைவு செய்தேன்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. நான் பணம் கட்டிப் பார்த்த 2018 ஆம் ஆண்டின் சிஎஸ் 229 இயந்திரக் கற்றல் விரிவுரைகள் பின்னர் யூடியூபில் ஏறிவிட்டன. பேராசிரியர் ஆண்ட்ரூ இங் வெண்பலகையில் எழுதும் அதே வரிகளை இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாடக் குறிப்புகளும் பொதுவில் இருக்கின்றன. ஆகவே விரிவுரைக்காகத்தான் பணம் என்று நினைத்தால் கட்டவே வேண்டாம்.

முதல் வீட்டுக்கணக்கு வந்த நாளில்தான் மற்றப் பாதி எனக்குப் புரிந்தது. ஆமா இல்லையா என்று வகைப்படுத்தும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்ற முறையில், பிழையை அளக்கும் இழப்புச் சார்புக்கு ஹெஸியன் அணியை, அதாவது இரண்டாம் வகைக்கெழுக்களின் அணியை, கண்டுபிடித்து, எந்தத் திசையனை அதன் இருபுறமும் வைத்துப் பெருக்கினாலும் விடை சுழியத்துக்குக் கீழே போகாது என்று நிறுவ வேண்டும். விரிவுரையை இரண்டு முறை பார்த்திருந்தேன், தலையும் ஆட்டியிருந்தேன். வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்தும் மூன்றாம் வரியைத் தாண்ட முடியவில்லை. பொறியியல் முதலாண்டில் எம்-ஒன் என்ற கணிதத் தாளில் ஐகன் மதிப்புகளையும் கேலி-ஹாமில்டன் தேற்றத்தையும் பதினாறு மார்க் கேள்விக்காகப் படித்து முழு மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஓர் அணி எதற்காக இருக்கிறது, அது ஒரு திசையனை என்ன செய்கிறது என்று அந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை என்பதை அந்தச் சனிக்கிழமை காட்டியது.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய விடை வந்தது. வேறொரு கணக்கில் ஓர் அணியின் நேர்மாறை எடுத்துப் பெருக்கி, சரியான விடைக்கு வந்திருந்தேன். திருத்தியவர் அந்த வரிக்குப் பக்கத்தில், இந்த அணிக்கு நேர்மாறு உண்டு என்று எங்கே நிறுவினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். அதே மாதத்தில் அலுவலகத்தில் ஒரு கணிப்பு மாதிரியின் எடைகள் காரணமில்லாமல் பெருத்துப் பெருத்து வெடித்துக்கொண்டிருந்தன. தரவைத் திறந்து பார்த்தால் அட்டவணையில் ஒரே விலை டாலரில் ஒரு செங்குத்து நிரலாகவும் சென்ட்டில் இன்னொரு நிரலாகவும் இரண்டு முறை இருந்தது. ஒரு நிரல் மற்றொன்றின் நூறு மடங்கு என்றால் அந்த அணிக்கு நேர்மாறு ஏது? பக்கத்து ஓரத்தில் எழுதப்பட்ட அந்தக் கேள்வி இல்லாமல் இருந்திருந்தால் நான் நிரலை நீக்குவதற்குப் பதிலாகக் குருட்டாம்போக்கில் எண்களை மாற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

நான் எழுதியதை வேறொருவர் வரிவரியாகப் படித்துத் தவறு எது என்று சொன்னதும், அது குறித்த நாளில் நடந்தே தீரும் என்ற கட்டாயமும்தான் பணம் கொடுத்து நான் வாங்கியவை. அந்த இரண்டும் உங்களுக்கு வேறு வழியில் கிடைக்கும் என்றால் சான்றிதழ் தேவையில்லை. வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்க முடிந்தால் சமாளிக்கலாம்.

மார்ச் 5, இரவு

விதிகளைச் சொல்ல விட்டுவிட்டேன். மொத்தம் நான்கு பாடங்கள், மூன்று ஆண்டுகளுக்குள். ஒவ்வொன்றிலும் பி அல்லது அதற்கு மேலான தரம் வேண்டும். சி வாங்கினால் அந்தப் பாடம் சான்றிதழ்க் கணக்கில் சேராது, கட்டிய பணம் போனது போனதுதான். வளாக மாணவர் எழுதும் அதே வீட்டுக்கணக்கு, அதே தேர்வு, அதே மதிப்பெண் அளவுகோல். வெளியிலிருந்து படிப்பவர் என்பதற்காகத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. கல்விக் கிரெடிட் கிடைக்கும், பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலும் கிடைக்கும். பின்னால் அங்கேயே முதுகலைப் பட்டத்துக்குத் தனியாக விண்ணப்பித்து இடம் பெற்றால் 18 அலகு கிரெடிட் வரை அதில் சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழ் முடித்ததால் இடம் உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மார்ச் 9

ஒரு திருத்தம். பத்து மணி நேரம் என்று எழுதியது தவறு. பழைய நாட்குறிப்பை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். சிஎஸ் 229 நடந்த பத்து வாரங்களில் ஒரு வாரம்கூடப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையவில்லை. வீட்டுக்கணக்கு கொடுக்க வேண்டிய வாரங்களில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று போயிருக்கிறது. நான்கு ஆண்டுகள் கடந்ததும் களைப்பு மறந்து கற்றது மட்டும் நினைவில் நிற்கிறது என்று தோன்றுகிறது. அந்த மறதியை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு அறிவுரை சொல்லக் கூடாது.

அந்த இலையுதிர் காலத்தில் என் மகளுக்கு நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது முழுக்க முழுக்க என் மனைவிதான். உங்கள் கணவரிடம் பணக் கணக்கைவிட இந்த மணிக் கணக்கை முதலில் பேசுங்கள்.

மார்ச் 12

இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனம் 2014 இலிருந்து இணையவழியில் கணினி அறிவியல் முதுகலைப் பட்டமே தருகிறது, பத்துப் பாடங்களுக்கும் சேர்த்துச் செலவு ஏறத்தாழ 7,000 டாலர்தான், அப்படியிருக்க நான்கு பாடச் சான்றிதழுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏன் கொடுக்க வேண்டும்?

நேர்மையான பதில்: பணம் உங்கள் கையிலிருந்து போகிறது என்றால் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஒரு பாடத்துக்கு 4,000 டாலருக்கு மேல் ஆகிறது, நான்குக்கும் சேர்த்து 16,000 டாலரைத் தாண்டும். இன்றைய மதிப்பில் 13 லட்சம் ரூபாய்க்கு மேல். கோவையில் சம்பளம் வாங்குபவர் இதைக் கடன் வாங்கிக் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். முதல் குறிப்பிலேயே இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே அமெரிக்காவில் கணக்கு வேறுவிதமாக வருவதற்குக் காரணம் வரிச் சட்டம். பணியாளரின் படிப்புக்காக நிறுவனம் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் அதற்குப் பணியாளர் வருமான வரி கட்ட வேண்டாம். அதனால் பல நிறுவனங்கள் அந்த அளவு வரை திருப்பித் தருகின்றன. என் முதல் பாடத்துக்கு முழுத் தொகையும் வந்தது. மூன்றாவது பாடத்துக்கு வரவில்லை. இடையில் மேலாளர் மாறினார், பட்டத்துக்கு இட்டுச் செல்லாத படிப்புக்குத் தர முடியாது என்றார். முன்பு தந்தார்களே என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. எழுத்தில் ஒப்புதல் வாங்காதது என் தவறு. அமெரிக்காவில் இருந்து இதைப் படிப்பவர்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்ற விதியையும் படித்துவிடுங்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு, வேறொருவர் திருத்தும் படிப்பு வேண்டும் என்றால், முதலில் ஐஐடிகள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்பிடிஇஎல் பாடம் ஒன்றை முடித்துப் பாருங்கள். சென்னை ஐஐடியின் மிதேஷ் கப்ரா நடத்தும் ஆழ்கற்றல் பாடம் அதில் இருக்கிறது. படிக்கக் கட்டணமில்லை. தேர்வுக்கு 1,000 ரூபாய், மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். அந்தப் பன்னிரண்டு வாரத்தைத் தவறாமல் தாண்ட முடிந்தால் உங்களைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மார்ச் 13

பெயர்க் குழப்பம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்டான்ஃபோர்டிலேயே இதே எண்களுக்கு முன்னால் எக்ஸ் என்ற எழுத்தைச் சேர்த்துத் தொழில்முறைப் பயிற்சிப் பாடங்கள் நடத்துகிறார்கள். கட்டணம் குறைவு, கல்விக் கிரெடிட் கிடையாது. அதுவும் நல்ல பாடமாக இருக்கலாம், ஆனால் முதுநிலைச் சான்றிதழும் அதுவும் ஒன்றல்ல. மாதத் தவணையில் விற்கப்படும் சான்றிதழ்களில் சேருவதற்கு முன் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் இந்தப் பாடம் ஏறுமா, என் விடையை மனிதர் திருத்துவாரா?

மார்ச் 19

செவ்வாய்க்கிழமை ஜிபிடி-4 என்ற மொழி மாதிரி வெளிவந்தது. அதன் பிறகு வந்த செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே கவலை: இனி வகைக்கெழுவைக் கையால் போட்டுப் பழகுவதில் பயன் உண்டா?

என் அனுபவத்திலிருந்து மட்டும் சொல்கிறேன். 2019 குளிர்காலத்தில் சிஎஸ் 224என் என்ற மொழியாய்வுப் பாடத்தில் இருந்தேன். பருவம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்தான், 2018 அக்டோபரில், கூகுளின் பெர்ட் என்ற மொழி மாதிரி வந்திருந்தது. பருவத்தின் நடுவில், பிப்ரவரி 14 அன்று, ஜிபிடி-2 அறிவிக்கப்பட்டது. இறுதித் திட்டப்பணியாக ஒரு பத்தியைப் படித்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிரலை எழுத வேண்டும். முன்பயிற்சி பெற்ற மாதிரிகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் தனித்தனித் தரவரிசைப் பட்டியல் வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு தூரம் இடைவெளி விழுந்துவிட்டது. அந்தத் திட்டப்பணிக்காக நான் கற்ற நுணுக்கங்கள் ஓராண்டுக்குள் பழையனவாகிவிட்டன. அதே பாடத்தின் இரண்டாம் வீட்டுக்கணக்கில் சொற்களை எண் வரிசையாக்கும் சொல்திசையன்களின் வகைக்கெழுவைக் கையால் வருவித்தது இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. மாதிரி கற்காமல் நின்றுவிடும்போது எங்கே அடைப்பு என்று தேட அந்த வழிதான் இருக்கிறது.

தமிழோடு தொடர்புள்ள ஒன்றையும் அந்தப் பாடத்தில்தான் கண்டேன். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், ஆக மொத்தம் பதினைந்து. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தே பைட்டுகள். ஜிபிடி-2 பைட்டுகளிலிருந்து துண்டுகளைக் கட்டுகிறது, அந்தத் துண்டுகள் எவை என்பது ஆங்கில நூல்திரளைக் கொண்டு முடிவானது. ஆகவே ஒரு தமிழ்ச் சொல் உள்ளே போவதற்குள் எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டுப் பல துண்டுகளாகிவிடுகிறது. தமிழில் பதில் மெதுவாகவும் செலவு அதிகமாகவும் வருவது ஏன் என்று பலர் கேட்கிறீர்கள். ஒரு பெரிய காரணம் இந்த வெட்டு. மெய்யையும் உயிரையும் பிரித்தறிந்த இலக்கணம் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. உயிர்மெய்யை உடைக்காமல் துண்டிடும் முறையைச் செய்து பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். அதற்கும் அந்தக் கணிதம் வேண்டும்.

மார்ச் 20

சிவில் படித்தவருக்கு இந்த வாசலில் இடம் உண்டா என்று திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். செயற்கை நுண்ணறிவு முன்னோடி ராஜ் ரெட்டி கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து 1958 இல் பட்டம் பெற்றவர். ஆஸ்திரேலியாவில் முதுகலை முடித்து, ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் பேச்சை அடையாளம் காணும் ஆய்வுக்காக 1966 இல் முனைவரானார். 1994 இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றார். அவரிடம் அடிப்படைக் கணிதம் இருந்தது. உங்களிடமும் இருந்தால் துறைப்பெயர் தடையில்லை.

தொலைவிலிருந்து படிப்பது இரண்டாந்தரம் என்று வாதிடுபவருக்கும் ஒரு வரி. அந்தப் பல்கலைக்கழகம் 1969 இலேயே வகுப்பறையில் கேமரா வைத்து, நுண்ணலை வழியே சுற்றுவட்டார நிறுவனங்களுக்குப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது. பொறியாளர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கேட்டுக் கிரெடிட் வாங்கினார்கள். இன்றைய சான்றிதழ் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. என் கடைசிப் பருவத்தில், 2020 மார்ச் 9 அன்று, கொரோனாவால் வளாக வகுப்புகள் முழுவதும் இணையத்துக்கு மாறின. கடைசி இரண்டு வாரம் எல்லோரும் என்னைப் போலவே திரைக்கு முன்னால்தான் படித்தார்கள்.

ஏப்ரல் 2

பாடங்களின் வரிசை பற்றி நான் மனம் மாறியிருக்கிறேன். சிஎஸ் 229 இல் தொடங்கச் சொல்லி இங்கே சிலருக்குத் தனியாக எழுதியிருந்தேன், நான் அப்படித் தொடங்கியதுதான் காரணம். மூன்றாவதாக எடுத்த சிஎஸ் 221 என்ற செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அதில் தேடல், ஆட்டங்கள், மார்க்கோவ் முடிவு முறைகள், நிகழ்தகவு வலைகள் என்று அகலமாகப் போவார்கள். பாக்-மேன் விளையாட்டில் எதிராளியின் நகர்வை முன்கூட்டிக் கணிக்கும் நிரல், மறைந்திருக்கும் காரின் இடத்தை அதன் ஒலித் தூரத்தை வைத்து ஊகிக்கும் நிரல் என்று வீட்டுக்கணக்கின் பெரும்பகுதி கைப்பழக்கத்தைக் கேட்கிறது. பதினோரு ஆண்டுகள் சோதனை நிரல்கள் எழுதிய உங்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. உயிரெழுத்துகளை நீக்கிய ஆங்கிலச் சொற்றொடரை மீட்டெடுக்கும் கணக்கு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது, அன்று இரவே தமிழ்க் குறிகளை நீக்கிவிட்டு அதே நிரலை ஓட்டிப் பார்த்தேன். நிகழ்தகவு அங்கே மெல்ல மெல்ல ஏறும், சிஎஸ் 229 இல் முதல் வாரத்திலேயே தலைக்கு மேல் போகும். ஆகவே உங்களுக்கு 221 முதலில், 229 இரண்டாவதாக.

இந்திய நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விரிவுரையைப் பதிவில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் உதவி ஆசிரியர்களோடு பேசும் நேரம் கலிபோர்னியா மாலை நான்கு மணி என்றால் உங்களுக்கு அதிகாலை நாலரை, நவம்பரில் கடிகாரத்தை மாற்றிய பிறகு ஐந்தரை. அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். நான் மிகுதியாகக் கற்றது அங்கேதான்.

சேருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சிஎஸ் 229 இன் பழைய முதல் வீட்டுக்கணக்கின் வினாத்தாள் பொதுவில் கிடைக்கும். இரண்டு வாரம் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்து, விடையை இங்கே போடுங்கள், நான் திருத்துகிறேன்.

ஏப்ரல் 3

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அந்த வீட்டுக்கணக்கின் விடைகளை இங்கே போட வேண்டாம். அதே கணக்குகள் பின்வரும் ஆண்டுகளிலும் வரக்கூடும். ஸ்டான்ஃபோர்டின் கண்ணிய நெறி 1921 இல் மாணவர்களே எழுதியது, நானும் அதற்கு ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தேன். என் ஆர்வத்தில் அதை மறந்து எழுதிவிட்டேன். வினாத்தாளை நீங்கள் தனியாகப் போட்டுப் பாருங்கள், அதில் தவறில்லை. இங்கே போடுவதற்கு எந்த நேரியல் இயற்கணிதப் புத்தகத்திலும் இருக்கும் கேள்வி ஒன்றைத் தருகிறேன்: எக்ஸ் என்ற அணியை அதன் நிரை நிரல் மாற்று அணியால் இடப்பக்கம் பெருக்கினால் வரும் அணியின் இருபுறமும் எந்தத் திசையனை வைத்துப் பெருக்கினாலும் விடை குறை எண்ணாகாது என்று நிறுவுங்கள். அந்த அணிக்கு எப்போது நேர்மாறு உண்டு என்றும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 23

உங்கள் விடையைப் பார்த்தேன். முதல் பகுதி முழுவதும் சரி. பெருக்கலை மாற்றி அடைத்து, அது ஒரு திசையனின் நீளத்தின் வர்க்கம்தான் என்று காட்டிய இடம் அழகாக இருக்கிறது, நான் அந்தச் சனிக்கிழமை தேடிக்கொண்டிருந்த வரி அதுதான்.

இரண்டாம் பகுதியில் எப்போதும் நேர்மாறு உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். குறை எண் வராது என்பதிலிருந்து சுழியமும் வராது என்று தாவிவிட்டீர்கள். மூன்று நிரையும் ஐந்து நிரலும் கொண்ட ஓர் அணியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதன் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை, எவ்வளவு வரை போகலாம்? பெருக்கி வரும் ஐந்துக்கு ஐந்து அணியின் தரம் அதைத் தாண்டுமா? பிறகு உங்கள் சோதனைத் தரவில் மூன்றே பதிவுகளும் ஐந்து அளவீடுகளும் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி சேர்த்து மறுபடியும் எழுதுங்கள்.

இலையுதிர் பருவம் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்குகிறது. அதுவரை ஐந்து மாதம் இருக்கிறது, பணம் கட்டுவது பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். திருத்திய விடையை வரும் சனிக்கிழமைக்குள் போட்டுவிட்டால், ஞாயிறு காலை மகள் எழுந்திருப்பதற்குள் பார்த்துவிடுவேன்.